மேகத்துக்குள் பேர் சொல்லக் கூடாது

சுற்றுலா வருகிறவர்கள் அதை மிஸ்ட் என்பார்கள். கொடைக்கானல் டவுனில் ஓட்டல் வைத்திருப்பவர்களும் அவர்களுக்காக அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். எங்கள் ஊர் கூக்காலில் அது மேகம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரத்துக்குச் சோலைக்காட்டிலிருந்து எழுந்து, ஏரியை மூடி, படிப்படியாக வெட்டிப் பூண்டு போட்டிருக்கும் காடுகள் வழியாக ஊருக்குள் வரும். மேகம் எறங்கிருச்சு என்று சொல்லிக்கொண்டே வெளியே காயப்போட்டதை அள்ளி உள்ளே வைப்போம். யாரும் நின்று போட்டோ எடுக்க மாட்டோம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மேகம் இறங்கியிருக்கும்போது யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆளைத் தேட வேண்டுமென்றால் 'ஓஓய்' என்று ஒரு குரல் கொடுப்போம். எதிரில் இருப்பவர் அதே குரலைத் திருப்பிக் கொடுப்பார். பேரைச் சொன்னால் மேகம் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு நமக்குத் தெரிந்த குரலிலேயே கூப்பிடுமாம். அதனால் மேகத்துக்குள் நம் பேர் காதில் விழுந்தால் உடனே வாயைத் திறக்கக் கூடாது. அது இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுஷக் குரல், தைரியமாக என்ன என்று கேட்கலாம்.

இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி தானாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். நான் பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவள். மேகம் என்பது நீராவி என்று ஐந்து மார்க் கேள்விக்கு எழுதியவள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மேகத்துக்குள் யாராவது என் பேரைச் சொன்னால் மூன்றாவது தடவைக்குக் காத்திருப்பேன். இரண்டும் எனக்குள் சண்டை போடாமல்தான் இருந்தன.

நீட் தேர்வில் முதல் தடவை நான் வாங்கிய மார்க்கை வெளியே சொன்னால், இப்போது என்னிடம் பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவிடுவார்கள். அப்பா ஒன்றும் திட்டவில்லை. இன்னொரு வருஷம் படி என்றார். ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டார். சென்னையில் யாரோ பாடம் நடத்த, நான் கூக்காலில் போனில் பார்க்க வேண்டும். வீட்டில் சிக்னல் கிடையாது. எங்கள் பூண்டுக் காட்டின் மேல்கோடியில், சோலை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. ஊருக்கே அதுதான் சிக்னல் பாறை. காலையில் ஒட்டன்சத்திரம் சந்தையில் கேரட் என்ன விலை என்று கேட்க அங்கே ஒரு கூட்டம் நிற்கும். மத்தியானம் மேகம் இறங்கிய பிறகு ஒருவரும் ஏற மாட்டார்கள், காட்டுமாடு எதிரே வந்து நின்றால்கூடத் தெரியாது. என்னுடைய வகுப்பு மத்தியானம்தான்.

அந்தப் பாறையில் எனக்கு முன்பே ஒருத்தி உட்கார்ந்து இதே தேர்வுக்குப் படித்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா. அவள் அம்மா எனக்கு முறைக்குப் பெரியம்மா. நாங்கள் படித்த அரசுப் பள்ளியில் அக்காவைப் போல ஒரு பிள்ளை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. பின்னால் வந்தது நான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். முதல் தடவை கொஞ்சத்தில் தவறிப்போனது. இரண்டாவது தடவை எழுதத் திண்டுக்கல்லுக்குப் போனாள். பெரியப்பா கூடப் போயிருந்தார்.

பாதித் தேர்வில் அக்காவின் கை நின்றுவிட்டதாம். ஹாலில் இருந்த ஆசிரியை பிறகு பெரியப்பாவிடம் சொன்னது இது. பிள்ளை நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேனாவை நிறுத்தி, முகத்தை நிமிர்த்தி, எதையோ கேட்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டாள். உடம்புக்கு என்னம்மா என்று கேட்டதற்கு, பேசாதீர்கள் என்பதுபோல் உதட்டில் விரலை வைத்தாளாம். மணி அடித்துத் தாளை வாங்கும்வரை அப்படியே இருந்தாள். பெரியப்பா கையைப் பிடித்துப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தார்.

அதற்கப்புறம் அக்கா பேசவில்லை. பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இந்த நாலு சொல்லை மட்டும் சொல்வாள். சாப்பிட்டியா என்று கேட்டால் 'ரெண்டு' என்பாள். தலை வலிக்குதா என்றால் 'நாலு'. யாரும் ஒன்றும் கேட்காவிட்டாலும் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டின் வேரை நறுக்கிக்கொண்டே தனக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரையில் நன்றாகத் தூங்கினாள், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

ஊருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பாறையில் உட்கார்ந்து படித்த நாளில் எப்போதோ இரண்டாவது கூப்பாட்டுக்கே பதில் சொல்லியிருப்பாள், பேர் மேகத்திடம் மாட்டிக்கொண்டது என்றார்கள். குறி சொல்கிற ஒருவர் வந்து, இனி அந்தப் பேரை வீட்டில் யாரும் வாயால் சொல்லக் கூடாது, சொல்லச் சொல்ல அந்தப் பக்கம்தான் இழுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் வெறும் 'புள்ள' ஆனாள். ரேஷன் கார்டில் மட்டும் அந்தப் பேர் இருந்தது.

எனக்கு அக்காவைப் பார்க்கப் பயம். அதே பாறை, அதே தேர்வு, அவள் படித்த புத்தகங்களையே பெரியம்மா என்னிடம் தந்திருந்தாள். அம்மாவுக்கு என்னைவிடப் பயம். நான் பாறையிலிருந்து இறங்கி வந்ததும் எதையாவது கேட்பாள். குழம்புக்கு உப்புப் போதுமா, விறகு நனைஞ்சிருக்கா, இப்படி. நான் வார்த்தையில் பதில் சொன்னால் முகம் தெளியும். ஒரு நாள் விளையாட்டாக 'நாலு' என்றேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அந்த விளையாட்டை அதோடு விட்டேன்.

வகுப்பில் வேறு கூத்து நடந்தது. சென்னை வாத்தியார் தொடக்கத்தில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வருகை எடுப்பார். சுற்றிலும் மேகம், காதுக்குள் என் பேர். இரண்டு தடவை கூப்பிடுவார். என் நாக்கு அசையாது. மூன்றாவதாக அவர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். இந்தக் காரணத்தைச் சென்னைக்காரரிடம் எப்படி விளக்குவது. ஒரு நாள் அந்த அலுவலகத்திலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. உங்கள் பெண் ஒரு வகுப்புக்குக்கூட வரவில்லை என்றார்களாம். தினமும் மத்தியானம் புத்தகத்தோடு மலை ஏறுகிற பெண் வகுப்புக்கு வரவில்லை என்றால் ஒரு அப்பா என்ன நினைப்பார். மறுநாள் எனக்குத் தெரியாமல் பின்னாலேயே ஏறி வந்தார்.

அன்று சாயங்காலம் அடுப்பருகே உட்கார்ந்து, உன்கூட மேலே இருந்தது யார் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எந்தப் பையனும் இல்லை, வேண்டுமானால் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். அப்பா கையைக் காட்டி அமர்த்தினார்.

"பையன்னு எவன் சொன்னான். பொம்பளப் புள்ளக் கொரலுதான். நீ கேள்விய வாசிக்கிற, அது ரெண்டுங்குது, மூணுங்குது."

ஓஓய் என்று குரல் கொடுத்தாராம், நான் திரும்பவில்லையாம். மேகத்தில் என் முதுகு மட்டும்தான் தெரிந்ததாம். அது போனில் வாத்தியார் பேசுகிற சத்தம் என்று சொன்னேன். நான் இயர்போன் மாட்டியிருந்ததால் நீங்கள் குரல் கொடுத்தது கேட்கவில்லை என்றும் சொன்னேன். அப்பா விறகை உள்ளே தள்ளினார்.

"காதுல மாட்டியிருந்தா வெளிய எப்படி தாயி கேக்கும்?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அன்று சிக்னலே இல்லை. வகுப்பு நடக்கவில்லை. குளிர் ஏறாமல் இருக்கக் காதில் அதை மாட்டிக்கொண்டு, பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாறையோடு படிப்பும் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மறுநாள் இயர்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பயமில்லாமல் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கால் இரண்டும் பாறையின் மேல் தாளம் போட்டன. மேகம் வந்து புத்தகத்தின் ஓரங்களை நனைத்தது. அதே பழைய தாளை எடுத்து, நேற்று விட்ட கேள்வியிலிருந்து வாசித்தேன். வாசித்துவிட்டு நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. தைலமரத்து இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அடுத்த கேள்வியை வாசித்தேன்.

"ரெண்டு."

பாறைக்குப் பின்பக்கமிருந்து வந்தது. மெதுவான குரல், அவசரம் இல்லாத குரல். நான் திரும்பவில்லை. அடுத்ததை வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. 'நாலு' என்றது. தாளின் கடைசியில் இருந்த விடைப் பட்டியலைப் பார்த்தேன், நாலாவது விடைதான் சரி. இன்னொன்று வாசித்தேன். அதுவும் சரி. ஏன் நிறுத்தாமல் வாசித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரியாத கேள்விக்கு விடை கிடைக்கிற சந்தோஷம் பயத்தையும் மிஞ்சியதோ என்னவோ.

பிறகு எழுந்து பாறையைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை. புல்லில் கொஞ்சம் பூண்டுத் தோல் கிடந்தது. எங்கள் ஊரில் பூண்டுத் தோல் கிடக்காத இடம் எது. தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன். நேராகப் பெரியம்மா வீட்டுக்கு.

அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பூண்டு புகையில் தொங்கியது. அவள் தலைமுடி காய்ந்திருந்தது. என் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் எங்கேயும் போகலையே, காலையிலிருந்து இதே இடத்தில்தான் கெடக்கா என்று பெரியம்மா சொன்னாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேரை நறுக்கினாள், தோலை உரித்தாள், "ஒண்ணு" என்றாள். அடுத்த பூண்டை எடுத்தாள், "மூணு" என்றாள்.

தாளை விரித்தேன். பாறையில் நான் நிறுத்திய கேள்விக்கு அடுத்த கேள்வி. விடை ஒன்று. அதற்கடுத்தது. விடை மூன்று.

அது அக்கா திண்டுக்கல்லில் எழுதிய வருஷத்துத் தாள். பழைய தாள்களில் கைக்கு வந்ததை எடுத்துப் போயிருந்தேன், அது அந்தத் தாளாக இருந்தது. அக்கா இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது அந்தத் தாளின் விடைகளை. எதையாவது கேட்டவர்களுக்குப் பதிலாக வந்ததெல்லாம், அவள் அந்த நேரத்தில் நின்றிருந்த கேள்வியின் விடை. நான் அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. வேதியியலில் கொஞ்ச தூரம் போனதும் கத்தி நின்றது. அக்கா முகத்தை நிமிர்த்தினாள். காதைக் கொஞ்சம் சாய்த்தாள். எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கதவில் மேகம் மட்டும் நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, அவள் மறுபடி முதல் கேள்வியின் விடையிலிருந்து தொடங்கினாள்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. பாறைக்குப் போவதை நிறுத்தினேன். சாயங்காலங்களில் பெரியம்மா வீட்டில் போய் உட்கார்ந்து படித்தேன். அக்கா சொல்லிக்கொண்டே வருவாள், அந்த இடத்தில் நிற்பாள், திரும்பத் தொடங்குவாள். கொஞ்ச நாளில் அது எனக்குப் பழகிவிட்டது. பழகியதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் நிற்கிற இடத்தில் நானும் படிப்பதை நிறுத்தி நிமிர்கிறேன் என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாலில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸில் போனேன். நல்ல வெயில். ஜன்னல் கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருந்தது. மேகத்தின் சுவடே இல்லை. உயிரியல் முடித்து இயற்பியலில் இருந்தேன். ஜன்னல் பக்கமிருந்து அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அம்மா அந்த நேரத்தில் பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். மறுபடியும் கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுகிற அதே இழுப்பு. என் கை தானாக நின்றது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். பயமாக இல்லை. இவ்வளவு மாதங்களில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. அடுத்து ஒரு குரல் வர வேண்டும், அதுவரை நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வெளியே வெயில், உள்ளே பேனா கீறுகிற சத்தம், எல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாமல் தூரத்தில் நடந்தது. மேற்பார்வைக்கு வந்த சிஸ்டர் ஒருவர் என் தோளைத் தொட்டு, ஆர் யூ ஓகே மா என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் தாளைத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் ஊர் திரும்புகிற வழியெல்லாம் அந்த இரண்டு கூப்பாட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். பூம்பாறை தாண்டும்போது எனக்கு எல்லாம் விளங்கியது. அக்கா பேரைப் பறிகொடுக்கவில்லை. மூன்றாவது கூப்பாட்டுக்காக இன்னும் அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அது வராது, மூன்றாவது தடவை கூப்பிட மேகத்தால் முடியாது என்று ஊரே சொல்கிறது. கூப்பிட முடிந்த மனுஷர்கள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பேரைச் சொல்வதையே நிறுத்திவிட்டோம். எனக்கு ஊர் மேலும், குறி சொன்னவர் மேலும் வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

பெரியம்மா கொல்லையில் முட்டைக்கோஸ் இலையைக் கழித்துக்கொண்டிருந்தாள். மேகம் அப்போதுதான் வேலியைத் தொட்டிருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே டவுனில் நடந்ததைச் சொன்னேன். அக்காவை ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். அவள் கழித்த இலையையே மறுபடி மறுபடி கழித்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொன்னால் புள்ள ஒரேயடியாகப் போய்விடும் என்றாள். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள் என்றாள். வேறு யாராவது கூப்பிட்டால் போதாது என்றேன். ஹாலில் அக்காவுக்குக் கேட்டது அம்மா குரலாகத்தானே இருக்கும், அதனால் நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். பெரியம்மா இலையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நாந்தான்டி கூப்பிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கெழங்கு தோண்டிக்கிட்டு இருந்தேன். மேகம் எறங்கிருச்சு. வெரசா கூடையத் தூக்கணும். பழக்கத்துல அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன், அதுவும் மேகத்துக்குள்ள. ரெண்டு வாட்டி. அப்பறம்தான் நெனப்பு வந்துச்சு, புள்ள திண்டுக்கல்லுல பரிச்ச எழுதிக்கிட்டுல்ல கெடக்கா. வாயப் பொத்திக்கிட்டேன்."

அது எந்த நேரம் என்று கேட்டேன். தேர்வு பாதி நடந்திருக்கும் என்றாள். பெரியப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. தான் கூப்பிட்டுத்தான் மகளுக்கு இப்படி ஆனது என்று இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டு அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். கூக்கால் எங்கே, திண்டுக்கல் எங்கே. இடையில் மலை முழுக்க இருக்கிறது. அந்தக் குரல் அங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் இப்போதும் நம்பவில்லை. சேரவில்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

"நான் கூப்பிட்டு, அவளுக்குப் பதிலா வேற எதுவாச்சும் எந்திரிச்சு வந்துச்சுன்னா?" என்று பெரியம்மா கேட்டாள்.

எனக்கும் அதே பயம்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பூண்டும் மண்ணுமாக இருந்த கை. இருவரும் உள்ளே போனோம்.

அக்கா இயற்பியலின் கடைசியில் இருந்தாள். நாங்கள் அடுப்படி நிலையருகே நின்றோம். திறந்த கதவு வழியாக மேகம் உள்ளே வந்து புகையோடு கலந்தது, எது புகை எது மேகம் என்று தெரியவில்லை. "நாலு" என்றாள். "ஒண்ணு" என்றாள். நான் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துப் பிடித்தபடி அவளோடு கூடவே போனேன். வேதியியல் வந்தது. நாலைந்து விடைகள் சொன்னாள். கத்தி நின்றது. முகம் நிமிர்ந்தது. காது சாய்ந்தது. பெரியம்மாவைத் தொட்டேன்.

பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு கூப்பிட்டாள். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. காட்டின் கீழ்ப்படியில் நின்று மேல்படியில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற உரத்த குரல் அது. அந்தச் சின்ன அடுப்படிக்கு அது தாங்கவில்லை. மேலே தொங்கிய பூண்டிலிருந்து தோல் உதிர்ந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அக்கா அசையவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் செய்யவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்னம்மா," என்றாள் அக்கா.

சலிப்பான குரல். வேலையின் நடுவில் கூப்பிட்டால் எந்த மகளும் சொல்கிற மாதிரி. பாறைக்குப் பின்னால் கேட்ட குரல் மாதிரி அது துளிகூட இல்லை. சொல்லிவிட்டு அவள் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள், மடியில் கிடந்த பூண்டைப் பார்த்தாள். புகைக்குக் கண்ணைச் சுருக்கினாள். பெரியம்மா அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். இது யார் என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்றாள் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அவளைவிட உயரமாகியிருந்தேன். என் இடுப்பில் இடுக்கியிருந்த புத்தகம் அவளுடையது, அட்டை கிழிந்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ரிசல்ட் வந்துருச்சா?"

பெரியம்மா சட்டென்று, இன்னும் வரவில்லை தாயி என்றாள். இத்தனை நாள் ஒரு வார்த்தைக்காக ஏங்கியவளுக்கு முதலில் சொல்ல வேண்டியிருந்தது ஒரு பொய். அக்கா அம்மாவை நம்பவில்லை. என்னிடம், எத்தனை வருஷமாக வரவில்லை என்று கேட்டாள். நான் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். கையை நீட்டி என்னிடமிருந்த தாளை வாங்கினாள். அவள் நிறுத்திய கேள்வியை அவளே தேடி எடுத்தாள். உதடு அசைய மனசுக்குள் படித்தாள். மறுபடி படித்தாள். அவள் விரல் நாலு விடைகள் மேலும் போய்ப் போய் வந்தது.

"எனக்கு இது தெரியலயே," என்றாள். முந்தின பக்கத்தைத் திருப்பினாள், அதற்கும் முந்தின பக்கத்தை. "எதுவுமே தெரியலயேம்மா."

இத்தனை நாள் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்ன விடைகள் அவளிடம் இல்லை. அவள் அழத் தொடங்கினாள். பெரியம்மா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தெரியலையா, தெரியலையா தாயி என்று கேட்டாள். அவள் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆட்ட, மறுபடி மறுபடி அதையே கேட்டுக்கொண்டு சிரித்தாள்.